வரிசைகள் ஒழிந்தன, வாக்குகள் வரவில்லை
இலங்கையின் 2024 தேர்தலும் ஒரு பொருளாதாரத் தீர்ப்பும்

2024 செப்டம்பர் 21 அன்று இலங்கை வாக்காளர்கள் அளித்த தீர்ப்பு, தேர்தலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குக் கடினமான ஒரு வினாவை விட்டுச் சென்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2022 செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருள்களில் அது 95 சதவீதத்தைத் தொட்டு நின்றது. தேர்தலுக்கு முந்தைய மாதமான 2024 ஆகஸ்டிலோ பணவீக்கம் வெறும் 0.5 சதவீதம். 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம் 2024இன் முதல் காலாண்டில் 5.3 சதவீதம் வளர்ந்தது. டாலருக்கு 360 ரூபாய் வரை சரிந்த நாணயம் 300 ரூபாய் அளவுக்கு மீண்டது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் நின்ற வரிசைகள் மறைந்துபோயின.

இந்த மாற்றம் நிகழ்ந்த காலத்தில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க, எரிவாயு சிலிண்டரையே தேர்தல் சின்னமாகக் கொண்டு சுயேச்சையாக நின்றார். நான் வந்திராவிட்டால் இந்தச் சிலிண்டர் உங்கள் அடுப்படிக்கு வந்திருக்காது என்பதே அவருடைய பிரசாரத்தின் சாரம். அவருக்குக் கிடைத்தது 17.27 சதவீத வாக்கு. மூன்றாம் இடம். 2019 தேர்தலில் 3.16 சதவீதமே பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம் பெற்று, இலங்கை வரலாற்றில் முதன்முறையாக நடந்த இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணிக்கையில் வெற்றி பெற்றார்.

இதற்கு உடனடியாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. மக்கள் நன்றி மறந்தார்கள் என்பது ஒன்று. மக்களுக்குப் பொருளாதாரம் புரியவில்லை என்பது மற்றொன்று. கொழும்பின் வர்த்தக வட்டாரங்களில் மட்டுமல்ல, வெளிநாட்டு ஆய்வுக் குறிப்புகளிலும் இந்தத் தொனி கேட்டது. இரண்டுமே தவறு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இலங்கை வாக்காளர் பொருளாதாரத்தைக் கணக்கில் எடுத்துத்தான் வாக்களித்தார். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் புள்ளிவிவர அட்டவணை கேட்கும் கேள்விகள் அல்ல. என் வாழ்க்கை எந்த மட்டத்தில் இருக்கிறது, சுமையை யார் சுமந்தார்கள், இதற்குப் பொறுப்பு யார் என்ற மூன்றையும் அவர் சேர்த்துக் கேட்டார். பொருளாதாரம் பற்றிய தேர்தல் தீர்ப்பு என்பது அடிப்படையில் ஒரு நியாயத் தீர்ப்பு.

தண்டனையும் வெகுமதியும்

பொருளாதாரம் வாக்கை எப்படி அசைக்கிறது என்ற ஆய்வுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜெரால்ட் கிராமர் 1971இல் வெளியிட்ட ஆய்வு, 1896 முதல் 1964 வரையிலான அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல்களை எடுத்துக்கொண்டு, மக்களின் மெய் வருமானம் உயர்ந்தால் ஆளும் கட்சிக்கு வாக்கு கூடுவதையும் குறைந்தால் சரிவதையும் காட்டியது. மோரிஸ் ஃபியோரினா 1981இல் எழுதிய நூலில் இதை ஒரு முழுமையான கோட்பாடாக வளர்த்தார். வாக்காளர் கொள்கை அறிக்கைகளை ஒப்பிட்டுப் படிக்கத் தேவையில்லை. ஆட்சியின் பலனைத் திரும்பிப் பார்த்து, நன்றாக இருந்தால் வைத்துக்கொள்கிறார், மோசமாக இருந்தால் நீக்குகிறார். சாதாரண மனிதருக்கு எட்டக்கூடிய, அதே சமயம் ஆட்சியாளரை அச்சத்தில் வைத்திருக்கக்கூடிய எளிய வழி இது.

அதே காலத்தில் டொனால்ட் கிண்டரும் ரோடரிக் கீவியட்டும் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். வாக்காளர் தம் சட்டைப்பையை மட்டும் பார்ப்பதில்லை. தனக்கு வேலை போனதா என்பதைவிட நாட்டில் வேலை எப்படியிருக்கிறது என்ற கணிப்பே வாக்கைக் கூடுதலாகத் தீர்மானித்தது. ஒருவருடைய சொந்தக் கஷ்டத்துக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். நாட்டின் கஷ்டத்துக்கே அரசு பொறுப்பு என்று மக்கள் பிரித்தறிகிறார்கள்.

மூன்றாவதாக, நினைவின் நீளம் பற்றிய ஆய்வு. ஆண்ட்ரூ ஹீலியும் கேப்ரியல் லென்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆட்சிக் காலம் முழுவதையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவே வாக்காளர் விரும்புகிறார். நடைமுறையில் கடைசி ஆண்டின் நிலவரமே அவருடைய கணிப்பை ஆள்கிறது, ஏனெனில் முழுக் காலத்தையும் காட்டும் தகவல் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அந்தத் தகவலை ஒன்றாகத் தொகுத்துக் கையில் கொடுத்தால் இந்தச் சாய்வு பெருமளவு மறைந்துவிடுகிறது.

இந்த மூன்றையும் அப்படியே இலங்கைக்குப் பொருத்தினால் ரணில் வென்றிருக்க வேண்டும். நாட்டின் நிலை மேம்பட்டிருந்தது. கடைசி ஆண்டு முந்தைய ஆண்டுகளைவிட நன்றாக இருந்தது. பஞ்சத்தின் விளிம்பும் எல்லோர் நினைவிலும் இருந்தது. அப்படியானால் விடுபட்டது எது?

விகிதம் இறங்கியது, விலை இறங்கவில்லை

முதலில் விலைவாசி. பணவீக்கம் 70 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கு வந்தது என்றால், விலை ஏறும் வேகம் நின்றது என்று பொருள். ஏறிய விலை இறங்கியது என்று பொருளல்ல. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் 2022 செப்டம்பரில் 170 ரூபாய். அடுத்த ஆண்டு அதே மாதம் ஏறத்தாழ 172. 2024 செப்டம்பரில் 171. மத்திய வங்கியின் அறிக்கைக்கு இது ஒரு வெற்றிக் கதை, அந்த வெற்றி உண்மையானதும்கூட. ஆனால் கடையில் நிற்பவருக்கு அது 171 ரூபாய். அவருடைய சம்பளம் 171 ஆகியிருந்தால் குறையொன்றுமில்லை. ஆகாதவருக்கு வாழ்க்கை ஒரு படி கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம், 2024 நவம்பர் தேர்தலுக்கு முன்பு 2.5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வேலையின்மையும் 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இருந்தும் ஆளும் ஜனநாயகக் கட்சி தோற்றது. அந்த ஆட்சி தொடங்கிய நாளோடு ஒப்பிட்டால் விலைமட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேலே இருந்தது. பொருளாதார அறிஞர் ஸ்டெஃபனி ஸ்டான்சேவா நடத்திய கருத்தாய்வுகள் இதற்குப் பின்னால் உள்ள மனக்கணக்கை விளக்குகின்றன. சம்பளம் உயர்ந்தால் மக்கள் அதைத் தம் உழைப்புக்குக் கிடைத்த பலனாக எண்ணுகிறார்கள். விலை உயர்ந்தால் அரசின் குற்றமாக எண்ணுகிறார்கள். எனவே இரண்டும் சமமாக உயர்ந்தாலும் அரசுக்குக் கெட்ட பெயரே மிஞ்சும்.

இலங்கையில் இரண்டும் சமமாக உயரவில்லை. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். முதல் உயர்வில், மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் ஏழை வீடுகளுக்கே விகித அளவில் ஏற்றம் அதிகம், ஏனெனில் அதுவரை அவர்களுக்கே மானியமும் அதிகம். 2024இல் கட்டணம் இருமுறை குறைக்கப்பட்டது. அந்தக் குறைப்பு மக்களுக்குத் தெரியாமல் போகவில்லை. ஆனால் 100 ரூபாய் வந்த இடத்தில் பலமடங்கு கட்டணம் கட்டிப் பழகியவர், அதில் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவதை மீட்சி என்று கொள்ளமாட்டார்.

சராசரிக்குள் மறைந்த சுமை

வாக்காளர் நாட்டின் நிலையைப் பார்க்கிறார் என்று முன்பு சொன்னோம். நாட்டின் நிலை என்பதில் அவர் எதைப் பார்க்கிறார்? மொத்த உற்பத்தியின் வளர்ச்சி விகிதத்தை அல்ல. உலக வங்கியின் கணிப்புப்படி, 2019இல் இலங்கை மக்களில் 11.3 சதவீதத்தினர் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தனர். 2023இல் அது 25.9 சதவீதம். நான்கில் ஒருவர். 2024இன் வளர்ச்சி விகிதம் இந்த எண்ணுக்கு மேலே மிதந்த ஒரு சராசரிதான்.

வரியைப் பாருங்கள். 2019 இறுதியில் கோட்டாபய ராஜபக்ச அரசு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. நெருக்கடிக்குப் பிறகு அது 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம் என ஏறியது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அந்த ஜனவரியில் வரிக்குள் வந்தன. வருமான வரியும் உயர்த்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் நாட்டின் வரி வருவாயில் பெரும்பகுதி பொருள்கள், சேவைகள்மீதான வரியிலிருந்தே வருகிறது. வருமானம் முழுவதையும் அன்றாடச் செலவுக்கே கொடுத்துவிடும் குடும்பத்துக்கு அது கூடுதல் பாரம்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. அரசு தன் கடன் சுமையைக் குறைக்க, உள்நாட்டில் யாராவது தம் முதலீட்டின் வட்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாரம் முதன்மையாக ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதியங்கள்மீது வைக்கப்பட்டது. குறைந்த வட்டியுள்ள புதிய பிணைமுறிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 14 சதவீதமாக இருந்த வரி 30 சதவீதமாகும் என்பதே நிபந்தனை. வணிக வங்கிகளின் பிணைமுறிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, வேறு இழப்புகளையும் தாங்கியுள்ளன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர் அனைவரும் பாதிக்கப்படுவர் என்று அரசு வாதிட்டது. அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் கடையிலும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்துக்கு வரும் வட்டி குறைகிறது, பெரு முதலீட்டாளரின் வட்டி அப்படியே இருக்கிறது என்பதை ஒரு தொழிலாளி எப்படி வாசிப்பார்? நிதியமைச்சின் விளக்க அறிக்கை அந்த வாசிப்பை மாற்றவில்லை.

இந்தியாவின் 2004 தேர்தலும் இங்கே நினைவுக்கு வரும். 2003-04இல் வளர்ச்சி 8 சதவீதத்தைத் தாண்டிய நேரத்தில், 'ஒளிரும் இந்தியா' என்ற விளம்பரத்தோடு முன்கூட்டியே தேர்தலைச் சந்தித்த பாரதிய ஜனதா 138 இடங்களில் நின்றது. காங்கிரஸ் 145 பெற்றது. கூட்டணிக் கணக்கும் அந்த முடிவில் பெரும் பங்கு வகித்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களையும் தி.மு.க. அணி வென்றதே அதற்குச் சான்று. எனினும் 2002இன் வறட்சியிலிருந்து மீளாத கிராமத்து வீட்டிடம் போய் ஒளியைப் பற்றிப் பேசியது அந்த ஆட்சிக்கு உதவவில்லை. தனக்கு வராத வளர்ச்சியைக் கொண்டாடச் சொல்லும்போது வாக்காளர் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்.

பொறுப்பு யாருடையது?

கஷ்டம் மட்டுமே ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. கஷ்டத்துக்கு யார் காரணம் என்ற முடிவு இடையில் நிற்கிறது. பிங்காம் பவலும் கை விட்டனும் 1993இல் பல நாடுகளை ஒப்பிட்டு இதை நிறுவினார்கள். ஒரே கட்சி தெளிவாக ஆளும் நாட்டில் பொருளாதாரம் வாக்கைப் பலமாக அசைக்கிறது. அதிகாரம் பலரிடம் சிதறியிருக்கும் நாட்டில் அந்தத் தொடர்பு மங்குகிறது.

இலங்கையில் நெருக்கடிக்குப் பொறுப்பு யார் என்பதில் மக்களுக்கு ஐயமில்லை. 2019இல் 52.25 சதவீத வாக்குடன் கோட்டாபய வென்ற அதே நாட்டில், 2024இல் அதே குடும்பத்தின் நாமல் ராஜபக்ச பெற்றது 2.57 சதவீதம். இதற்கிடையே, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மஹிந்த, பசில் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பொருளாதார நிர்வாகத்துக்காக முன்னாள் ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குவது அரிதான நிகழ்வு.

ரணிலின் சிக்கல் இங்கேதான் இருந்தது. 2022 ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் அவரை 134 வாக்குகளால் ஜனாதிபதியாக்கியபோது, அந்த வாக்குகளில் மிகப் பெரும்பாலானவை ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவிடமிருந்து வந்தவை. அவருடைய சொந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தது ஒரே ஓர் ஆசனம். தீயை அணைக்க வந்தவர் தீ வைத்தவர்களின் தோளில் ஏறி வந்தார் என்று மக்கள் கருதினார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், உச்ச நீதிமன்றம் கூறியது. பொருளாதாரத்தைச் சீர்செய்கிறேன் என்பவர் மக்களின் வாயையும் அடைக்கிறார் என்ற ஐயம் அதனால் வலுத்தது.

நோக்கத்தைப் பற்றிய மக்களின் கணிப்பு கஷ்டத்தின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு இரண்டு எதிர் உதாரணங்கள் உள்ளன. 2016 நவம்பர் 8 அன்று இந்தியாவில் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாததானது. வங்கி வாசல்களில் நாடே நின்றது. நான்கு மாதங்கள் கழித்து உத்தரப் பிரதேசத்தில் பாரதிய ஜனதா 403இல் 312 இடங்களை வென்றது. பணக்காரரின் கறுப்புப் பணத்தைப் பிடிக்கவே இந்தக் கஷ்டம் என்ற விளக்கத்தைப் பலர் அன்று ஏற்றுக்கொண்டனர். அர்ஜென்டினாவில் 2023இல் ஆட்சிக்கு வந்த ஹாவியேர் மிலேய் செலவினங்களைக் கடுமையாக வெட்டினார்; 2024இன் முதல் பாதியில் வறுமை 52.9 சதவீதத்தைத் தொட்டது. இருந்தும் 2025 அக்டோபர் இடைக்காலத் தேர்தலில் அவருடைய அணி 40 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று முதலிடம் பிடித்தது. அவர் பழைய ஆட்சி வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். துன்பத்தின் தொடக்கத்தை மக்கள் அவருக்கு முன்பிருந்தவர்கள் கணக்கில் எழுதினர். ரணிலோ 1970களிலிருந்து அரசியலில் இருப்பவர், பலமுறை பிரதமராக இருந்தவர், 2015இன் மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி விவகாரத்தின்போதும் அரசின் தலைமையில் இருந்தவர். சிக்கனம் அதே சிக்கனம்தான்; அதைச் சொன்ன வாய் வேறு.

வாக்காளர் தவறும் இடம்

இதனால் வாக்காளர் எப்போதும் சரியாகவே தீர்ப்புச் சொல்கிறார் என்று ஆகிவிடாது. 2019 இறுதியின் வரிக்குறைப்பை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அரசின் வருவாய் 2019இல் மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்தது, 2020இல் சுமார் 9 சதவீதமாகச் சரிந்தது. கடன் தரக்குறியீடு அடுத்தடுத்து இறக்கப்பட்டு, வெளிநாட்டுச் சந்தைகளில் புதிதாகக் கடன் எழுப்பும் வழி அடைபட்டது. நாட்டை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாத நிலைக்குத் தள்ளிய பாதையில் இது ஒரு முக்கியமான திருப்பம். ஆனால் 2020 ஆகஸ்டில், வரிக்குறைப்பு நடந்து எட்டு மாதங்களில், வாக்காளர்கள் அதே அரசுக்கு 225இல் 145 ஆசனங்களை அளித்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிந்தைய பாதுகாப்பு அச்சமும் பெருந்தொற்றின் முதல் அலையைக் கட்டுப்படுத்திய பெயரும் அதில் சேர்ந்திருந்தன. எப்படியாயினும், குறைந்த வரி அன்றே கையில் தெரிந்தது. அதன் விலை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறையின் பெரிய ஓட்டை இதுதான். தவறின் பலன் தேர்தலுக்குப் பின்னால் வருமாறு ஆட்சியாளர் அமைத்துவிட்டால், திரும்பிப் பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. பணமதிப்பு நீக்கத்திலும் இதுவே நடந்தது. செல்லாத நோட்டுகளில் ஏறத்தாழ 99 சதவீதம் வங்கிக்கே திரும்பிவிட்டன என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை 2017 ஆகஸ்டில் சொன்னபோது உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

கிறிஸ்டோபர் ஏக்கனும் லாரி பார்டல்ஸும் 2016இல் எழுதிய நூலில் இன்னும் கடுமையாகச் சொல்கிறார்கள்: வறட்சிக்கும் வெள்ளத்துக்கும்கூட ஆட்சியாளரைத் தண்டிக்கும் வாக்காளரை எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஒரு பகுதி விடை கிடைத்தது. ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் மூவரும் இந்திய மாநிலத் தேர்தல்களையும் மழைப்பொழிவையும் இணைத்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். மழை பொய்த்தால் ஆளுங்கட்சிக்கு வாக்குக் குறைந்தது உண்மை. ஆனால் நிவாரணப் பணியில் முனைப்புக் காட்டிய அரசுக்கு அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாயிற்று. மேகத்தைக் குற்றம் சொல்ல முடியாதபோது அரசைக் குற்றம் சொல்லும் வழக்கமும் உண்டு. அரசு என்ன செய்தது என்று பார்க்கும் பகுத்தறிவும் உண்டு. இரண்டும் ஒரே வாக்காளரிடம் இருக்கின்றன. இதில் எது மேலோங்கும் என்பதைத் தீர்மானிப்பது, உரிய நேரத்தில் கிடைக்கும் தகவல்.

வடக்கும் மலையகமும்

இலங்கைத் தமிழர்களின் வாக்கை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெயும் மருந்தும் தட்டுப்பட்ட யாழ்ப்பாணத்துக்கு, 2022இன் வரிசைகள் முதல் அனுபவமல்ல. 2024 செப்டம்பரில் வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலும் நுவரெலியாவிலும் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச முன்னிலை பெற்றார். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கும் யாழ்ப்பாணத்தில் கணிசமான வாக்கு விழுந்தது. தெற்கில் வீசிய அலை அங்கே பாதியளவுகூட வீசவில்லை. ஆனால் எட்டு வாரங்களுக்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அநுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 வென்றது. மட்டக்களப்பு தவிர்ந்த எல்லாத் தேர்தல் மாவட்டங்களிலும் முதலிடம் பெற்று, மொத்தம் 159 ஆசனங்களைக் கைப்பற்றியது. தமிழ்க் கட்சிகள் பல அணிகளாகச் சிதறியதும் இதற்கு ஒரு காரணம். ஊழல் பற்றிய கோபம் மொழி எல்லையைக் கடந்ததும் ஒரு காரணம்.

மலையகத்தின் கதை சம்பளத்தின் கதை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விலைவாசி அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. 2024 மே தினத்தில் ரணில் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. வாக்களிக்கும் நாள் வரை அந்த 1,700 கைக்கு வரவில்லை. கொழுந்து பறிப்பவருக்கு வளர்ச்சி விகிதம் 5.3 சதவீதம் என்பதைவிட, சொன்ன சம்பளம் வந்ததா என்பதே அரசின் திறமைக்கான அளவுகோல். அந்த அளவுகோலில் பிழை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தீர்ப்பு முகவரி தவறாமல் இருக்க

2024இன் தீர்ப்பை, இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் இருந்த சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தை மக்கள் நிராகரித்ததாக வாசிப்பதும் பொருந்தாது. புதிய அரசு அந்தத் திட்டத்தையே தொடர்ந்தது. 2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறிக் கடன் மறுசீரமைப்பை முடித்தது. முதல் வரவு செலவுத் திட்டத்தையும் அதே நிதி இலக்குகளுக்குள் அமைத்தது. மக்கள் மருந்தை மாற்றச் சொல்லவில்லை, மருத்துவரை மாற்றினார்கள். அந்தத் தீர்ப்பும் நிலையானதல்ல. நவம்பரில் 61 சதவீதத்துக்கு மேல் பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 43 சதவீதத்துக்கு இறங்கியது; வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் எழுந்தது. இன்று ஆள்பவர்களிடமும் அதே மூன்று கேள்விகளும் கேட்கப்படத் தொடங்கிவிட்டன.

ஆகவே, வாக்காளருக்குப் பொருளாதாரம் கற்பிக்க வேண்டும் என்று சொல்வதைவிட, வாக்காளர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தரும் தகவலை அரசு வெளியிட வேண்டும் என்று கேட்பதே முறை. ஒவ்வொரு வரி மாற்றத்தோடும், எந்த வருமானப் பிரிவினர் எவ்வளவு கூடுதலாகக் கட்டப்போகிறார்கள் என்ற கணக்கும் வெளிவர வேண்டும். வளர்ச்சி விகிதத்தோடு மெய்ச் சம்பளமும் வறுமை அளவும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும். வாக்குறுதியின் செலவைத் தேர்தலுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லும் சுயாதீன நிறுவனங்கள் வேண்டும். 2019இல் அப்படி ஒரு குரல் வலுவாக ஒலித்திருந்தால் அந்த வரிக்குறைப்பு இத்தனை எளிதில் கைத்தட்டல் பெற்றிருக்காது. புள்ளிவிவரத்தைத் தேர்தல் முடியும்வரை பூட்டிவைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். இந்தியாவில் 2017-18க்கான வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம் என்ற அறிக்கை, 2019 தேர்தல் முடிந்து புதிய அரசு பொறுப்பேற்ற மறுநாள்தான் அதிகாரபூர்வமாக வெளியானது. அது வாக்காளரிடமிருந்து ஒரு சான்றை மறைத்ததற்குச் சமம்.

அடுத்த முறை ஓர் ஆட்சியாளர், எந்த நாட்டிலும் எந்த மாநிலத்திலும், வளர்ச்சி விகிதத்தைக் காட்டி வாக்குக் கேட்டு வரும்போது வாசகர்கள் மூன்றை மட்டும் கேளுங்கள். என் கூலிக்கு இன்று எவ்வளவு வாங்க முடிகிறது? இந்த மீட்சியின் விலையை யார் கட்டினார்கள்? இன்று நீங்கள் தரும் சலுகையின் செலவு எந்த ஆண்டு, யார் தலையில் விழும்? மூன்றாவது கேள்வியை நாம் இதுவரை போதிய அளவு கேட்கவில்லை. 2020இல் அதைக் கேட்காததன் விலையைத்தான் 2022இல் ஒரு நாடே வரிசையில் நின்று கட்டியது.